முயல், சிஞ்சில்லா இரத்தத்தில் தாது அளவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கிலும் கோலாலம்பூரைச் சுற்றிலும் ரோமத்துக்காகவோ இறைச்சிக்காகவோ செல்லமாகவோ முயல் வளர்ப்பவர்கள், இரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விகள் இவை. ரெக்ஸ், அங்கோரா, நியூசிலாந்து வெள்ளை, குட்டை இனங்கள் எல்லாவற்றுக்கும் பதில்கள் பொருந்தும். சிஞ்சில்லாவுக்கும் (அடர்ந்த ரோமமுள்ள சிறிய கொறிக்கும் விலங்கு) மிங்க்குக்கும் (ரோமத்துக்காக வளர்க்கும், கீரி போன்ற விலங்கு) வேறுபடுவதைக் கடைசியில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

கால்சியம் 3.4 என்று வந்திருக்கிறது. பக்கத்தில் ‘அதிகம்’ என்று அடையாளம் போட்டிருக்கிறார்கள். முயலுக்கு ஆபத்தா?

பெரும்பாலும் இல்லை. சிறிய கிளினிக்குகள் பல, மாதிரியை மனிதர்களுக்கான ஆய்வகத்துக்கே அனுப்புகின்றன. அங்குள்ள கணினி மனித அளவான 2.1 முதல் 2.6 மில்லிமோல்/லிட்டர் என்பதை வைத்து அடையாளம் போட்டுவிடுகிறது. நலமாக இருக்கும் முயலுக்கு 3.2 முதல் 3.7 வரை சாதாரணம். சில ஆய்வகங்கள் 2.8 முதல் 4.0 வரைகூட ஏற்றுக்கொள்ளும். ஆகவே 3.4 முயலுக்கு நடுவாந்தரமான அளவு. அதே தாளில் 2.4 என்று வந்து எந்த அடையாளமும் இல்லாமல் இருந்தால்தான் கவனிக்க வேண்டும். முயலுக்கு அது குறைவு.

காரணம் முயலின் உடலமைப்பு. மற்ற விலங்குகள் பலவற்றில் எவ்வளவு கால்சியம் வேண்டுமோ அவ்வளவைத்தான் குடல் உள்ளே விடும். அந்த வாசலை வைட்டமின் டி திறந்து மூடும். முயலின் குடலோ தீவனத்தில் உள்ள கால்சியத்தைத் தேவை பாராமல் இழுத்துக்கொள்ளும். மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளும். மற்ற பாலூட்டிகள் பலவற்றில் சிறுநீர் வழியாகப் போகும் கால்சியத்தின் பங்கு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. முயலில் 45 முதல் 60 விழுக்காடு. கூண்டின் தட்டில் சிறுநீர் காய்ந்தால் வெள்ளைப் பொடி படிவது இதனால்தான். சிறுநீர் கொஞ்சம் கலங்கலாக இருப்பது நோயில்லை. பற்பசை மாதிரி கெட்டியாக வந்தால், முயல் முக்கிக்கொண்டு உட்கார்ந்தால், அது சிறுநீர்ப்பையில் கால்சியப் படிவு சேறுபோலச் சேர்ந்த அறிகுறி.

கால்சியம் 4.0ஐத் தாண்டினால், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுகளான யூரியா, கிரியேட்டினின் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றுமே ஏறியிருந்தால் சந்தேகம் சிறுநீரகத்தின் மேல். நாய், பூனையில் நாள்பட்ட சிறுநீரக நோய் வந்தாலும் கால்சியம் பெரும்பாலும் இப்படி ஏறாது. வெளியேற்றும் வழி அடைபட்ட முயலில் அது ஏறும். நாய், பூனை பார்த்துப் பழகியவர்கள் இங்கே தலைகீழாகப் படித்துவிடுவார்கள்.

சில ஆய்வகங்கள் மில்லிகிராமில் தருகின்றனவே, எப்படி மாற்றுவது?

மில்லிகிராம்/டெசிலிட்டரை மில்லிமோல்/லிட்டராக்க: கால்சியத்தை 0.25ஆலும், பாஸ்பரஸை 0.323ஆலும், மெக்னீசியத்தை 0.411ஆலும் பெருக்குங்கள். 14 மில்லிகிராம் கால்சியம் என்றால் 3.5 மில்லிமோல். சோடியம், பொட்டாசியத்துக்கு மில்லிஈக்விவலன்ட்டும் மில்லிமோலும் ஒரே எண். செம்பு, துத்தநாகம் மைக்ரோகிராம்/டெசிலிட்டரில் வரும், முறையே 0.157, 0.153ஆல் பெருக்கினால் மைக்ரோமோல்/லிட்டர்.

முயல் நன்றாகத் தின்கிறது, ஓடுகிறது. ஆனால் கால்சியம் 0.6, பொட்டாசியம் 11 என்று வந்திருக்கிறது. எப்படி?

குழாய் தப்பு. இதைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம். ஊதா மூடிக் குழாயில் ஈடிடிஏவின் பொட்டாசிய உப்பு இருக்கிறது. இரத்தம் உறையாமல் இருக்க அது கால்சியத்தைப் பிடித்துக் கட்டிப்போடும். தன்னிடமுள்ள பொட்டாசியத்தை மாதிரிக்குள் விடும். உண்மையிலேயே 0.6 கால்சியம் உள்ள முயல் வலிப்பு வந்து கிடக்கும், கீரை தின்னாது.

ஊதாக் குழாயில் முதலில் ஊற்றிவிட்டு, பிறகு ‘ஐயோ, இது பச்சைக்குப் போக வேண்டியதாச்சே’ என்று அதையே பச்சைக் குழாய்க்கு மாற்றினாலும் இதே கதிதான். மூடியின் நிறம் சரியாக இருக்கும், உள்ளே இருப்பது கெட்டுப்போயிருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: கால்சியம், மெக்னீசியம், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் மூன்றும் ஒன்றாக விழுந்து, பொட்டாசியம் மட்டும் ஏறியிருந்தால் அது ஈடிடிஏதான். அந்த நொதி வேலை செய்யத் துத்தநாகமும் மெக்னீசியமும் வேண்டும். இரண்டையும் ஈடிடிஏ கட்டிவிடுவதால் அதுவும் சேர்ந்தே விழுகிறது. மருந்து எதுவும் கொடுக்க வேண்டாம். மறுபடி இரத்தம் எடுங்கள்.

தாதுக்களுக்குப் பச்சை மூடியுள்ள லித்தியம் ஹெபரின் குழாய் நல்லது. சிவப்பு அல்லது மஞ்சள் மூடி சீரம் குழாயும் சரி. பச்சையிலேயே சோடியம் ஹெபரின் வகையும் உண்டு, அது சோடியத்தை ஏற்றிக் காட்டும். ஒட்டியிருக்கும் தாளைப் படித்து எடுங்கள். சாம்பல் மூடியும் வெளிர் நீல மூடியும் கால்சியத்துக்கு உதவாது. செம்பு, துத்தநாகம் பார்க்க வேண்டுமானால் அடர் நீல மூடியுள்ள நுண்தாதுக் குழாயைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண ரப்பர் மூடியிலிருந்தே துத்தநாகம் கசிந்து எண்ணைக் கெடுத்துவிடும். இரண்டு மூன்று குழாய்க்கு எடுப்பதானால் ஊதா எப்போதும் கடைசி.

எவ்வளவு இரத்தம் எடுக்கலாம்? எங்கிருந்து?

முயலின் உடலில் கிலோவுக்குச் சுமார் 55 முதல் 65 மில்லி இரத்தம். நலமான முயலில் அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக்கூடாது. 2 கிலோ முயல் என்றால் உச்சம் 11, 12 மில்லி. தேவைப்படுவதோ குழந்தைகளுக்கான சின்னக் குழாயில் 1 முதல் 2 மில்லி. நோயாளி முயலில் அதற்குள்ளேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேலையைக் கால்நடை மருத்துவர் செய்யட்டும். பெரிய முயலில் காதின் ஓரச் சிரை, இல்லையென்றால் பின்காலின் வெளிப்புறச் சிரை. குட்டை இனங்களில் காது மெல்லியது, சிரை உடனே சுருங்கிவிடும், காலே மேல். காதின் நடுவில் ஓடும் தமனி பெரிதாகத் தெரியும், கை அங்கேதான் போகும். ஆனால் அது அடைபட்டால் காது நுனி செத்துப்போகும்.

மரத்துப்போகும் கிரீமைப் பூசி 20 முதல் 30 நிமிடம் காத்திருந்தால் முயல் உதறாது. 25 அல்லது 26 அளவு ஊசி, 1 மில்லி சிரிஞ்சு போதும். மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் சிரை ஒட்டிக்கொள்ளும், சிவப்பணுக்கள் உடையும். ஸ்பிரிட் காயுமுன் குத்தினாலும், ஊசியைக் கழற்றாமல் குழாய்க்குள் அழுத்தினாலும் இதே விளைவு. அணு உடைந்த பிளாஸ்மா இளஞ்சிவப்பாக இருக்கும். அதில் பொட்டாசியம், பாஸ்பரஸ், மெக்னீசியம், இரும்பு எல்லாம் பொய்யாக ஏறியிருக்கும்.

பிடிப்பவர் பின்கால்களை அழுந்தத் தாங்கிப் பிடிக்க வேண்டும். முயல் ஒரு உதை உதைத்தால் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். ‘வெறும் வயிற்றில் கொண்டுவரச் சொல்வார்களே’ என்று பட்டினி போடாதீர்கள். முயலுக்கு வாந்தி வராது, குடல் நின்றுபோனால் அதுவே தனி நோய். ஒவ்வொரு தடவையும் காலையில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் எடுத்தால் எண்களை ஒப்பிடலாம்.

ஜார்ஜ்டவுனில் எடுத்ததைப் பாலம் தாண்டி அனுப்ப வேண்டியிருக்கிறது. வெயிலில் கெட்டுப்போகாதா?

கெடும். நடுப்பகலில் கார் பின்பெட்டியில் வைத்த இரத்தம், எடுத்த கையோடு கெட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியமும் பாஸ்பரஸும் வெளியே கசியும். அதனால் எடுத்த கிளினிக்கிலேயே சுழற்றிப் பிரித்துவிடுவதுதான் சரியான வழி: ஹெபரின் குழாயானால் அரை மணி நேரத்துக்குள், சீரம் குழாயானால் உறைய அரை மணி விட்டு, சுமார் 1500 முதல் 2000 ஜி விசையில் 10 நிமிடம். மேலே நிற்கும் தெளிவான பகுதியை வேறு குழாய்க்கு மாற்றி, 4 டிகிரியில் வைத்து அனுப்புங்கள். பிரிக்காத முழு இரத்தத்தை ஐஸ் மேல் நேரடியாக வைக்காதீர்கள்; குளிரிலும் பொட்டாசியம் கசியும், உறைந்தால் அணு மொத்தமும் உடையும்.

கால்நடைச் சேவைத் துறையின் வடக்கு மண்டல ஆய்வகம் புக்கிட் தெங்காவில் இருக்கிறது. கோலாலம்பூர் பக்கம் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை. எந்த ஆய்வகமானாலும் எந்தக் குழாய், எவ்வளவு மில்லி, எந்தத் தாதுக்கள் என்பதை மருத்துவர் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. வெள்ளிக்கிழமை மாலையில் மட்டும் அனுப்பாதீர்கள்.

மற்ற தாதுக்களுக்கு எவ்வளவு இருந்தால் சரி?

வளர்ந்த முயலுக்குத் தோராயமாக: பாஸ்பரஸ் 1.3 முதல் 1.9, சோடியம் 131 முதல் 155, பொட்டாசியம் 3.6 முதல் 6.9, எல்லாம் மில்லிமோல்/லிட்டர். வளரும் குட்டிகளில் பாஸ்பரஸ் கூடுதலாகவே இருக்கும், எலும்பு வளர்கிறது. ஆய்வகம் தன் முயல் அளவை அச்சிட்டிருந்தால் அதையே நம்புங்கள். கருவிக்குக் கருவி வேறுபாடு உண்டு.

சோடியத்தைப் பலர் கண்டுகொள்வதில்லை. தின்னாமல் கிடக்கும் முயலில் அது 129க்குக் கீழே இறங்கியிருந்தால் நிலைமை மோசம், அன்றே சிகிச்சை வேண்டும். பொட்டாசியம் குறைந்தால் முயல் துணிப்பொம்மை போலத் துவண்டு கிடக்கும். பட்டினியும் கழிச்சலும் சேர்ந்தால் அப்படி ஆகும்.

நீர் வற்றிய முயலில் ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் செறிவாகி, மொத்தக் கால்சியமும் கூடியதுபோலக் காட்டும். தண்ணீர்க் குப்பியின் உருண்டை அடைத்துக்கொண்டு இரண்டு நாள் யாரும் பார்க்காமல் விட்டிருப்பார்கள். ஆல்புமினைக் கொண்டு கால்சியத்தைத் திருத்தும் மனிதச் சூத்திரத்தை முயலுக்குப் போடாதீர்கள், பொருந்தாது. சந்தேகம் இருந்தால், புரதத்தோடு ஒட்டாமல் தனித்திருக்கும் அயனிக் கால்சியம் பார்க்கலாம், அது சுமார் 1.7 வரும். ஆனால் அந்த மாதிரி காற்றுப் படாமல், எடுத்த சில நிமிடங்களில் கருவிக்குள் போக வேண்டும். கருவி உள்ள கிளினிக்கிலேயே எடுத்தால்தான் பயன்.

தீவனத்தில் எவ்வளவு கால்சியம் போகிறது என்று வீட்டிலேயே கணக்கிட முடியுமா?

முடியும், கட்டாயம் செய்யுங்கள். முயலின் இரத்தக் கால்சியம் தீவனத்தைப் பின்தொடர்வதால், இந்தக் கணக்கு இல்லாமல் எண்ணைப் படிப்பது அரைகுறை.

2 கிலோ முயல் ஒன்று. பெல்லட் மூட்டையில் கால்சியம் 1 விழுக்காடு என்றிருக்கிறது. கிண்ணத்தை நிரப்பி வைத்து ஒரு நாளில் 100 கிராம் தின்றால் அதிலேயே 1 கிராம் கால்சியம். கிலோ எடைக்கு 25 கிராம் என்று அளந்து 50 கிராம் போட்டால் அரை கிராம். திமோத்தி வைக்கோல் 60 கிராம், 0.4 விழுக்காடு: கால் கிராமுக்குச் சற்றுக் குறைவு. 100 கிராம் பச்சைக் கங்கோங்: சுமார் 0.08 கிராம்தான். கீரை போட்டதால்தான் சேறு வந்தது என்று பழி சுமத்துவார்கள். கணக்குப் பார்த்தால் பெல்லட்டும் அல்ஃபால்ஃபாவும்தான் காரணமாக இருக்கும். அல்ஃபால்ஃபாவில் 1.2 முதல் 1.5 விழுக்காடு வரை கால்சியம். வளரும் குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சரி, சும்மா இருக்கும் பெரிய முயலுக்குத் தேவையில்லை. கீரையில் தண்ணீரும் கூடவே போவதால் சிறுநீர் நீர்த்து, சேறு படிவதும் குறையும்.

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 1977ல் வெளியிட்ட அளவுப்படி தீவனத்தில் கால்சியம்: வளரும் முயலுக்கு 0.4 விழுக்காடு, சினைக்கு 0.45, பாலூட்டும்போது 0.75. பாஸ்பரஸ் முறையே 0.22, 0.37, 0.5. பழைய அளவுகள்தான், ஆனால் அடிப்படைக்கு இன்றும் இவற்றையே எடுக்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கால்சியத்துக்குப் பயந்து பெல்லட், வைக்கோல் எல்லாவற்றையும் நிறுத்தி, கேரட்டும் பழமும் தானியமும் மட்டும் போட்டால் எலும்பு மெலிந்து, தாடையில் பல் வேர் நீண்டு வளரும். இரத்தத்தில் கால்சியம் முயல் அளவுக்குக் கீழே இறங்கலாம். மனித அளவில் படிப்பவர் ‘நார்மல்’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

தாது உப்புக் கட்டி தொங்கவிடலாமா?

பெல்லட் போடுகிறீர்கள் என்றால் வேண்டாம்.

குட்டி போட்ட தாய் முயல் நடுங்கிச் சாய்கிறது. கால்சியம் குறைவா?

இருக்கலாம். முயல் பாலில் கால்சியம் மிக அதிகம். நிறையக் குட்டிகள், போதாத தீவனம் என்று சேர்ந்தால் சினையின் கடைசி நாட்களிலோ பாலூட்டும் முதல் வாரங்களிலோ கால்சியம் சரியும். நடுக்கம், காது சரிதல், வலிப்பு என்று போகும். மருத்துவர் கால்சியம் குளுக்கோனேட்டை இதயத்தைக் கேட்டுக்கொண்டே மெதுவாகச் சிரையில் ஏற்றுவார். வீட்டில் யாரும் ஊசி போடக்கூடாது, வேகமாகப் போனால் இதயம் நிற்கும். ஆனால் இதே தோற்றத்தில் சினைக்கால நச்சும் வரும். குண்டான முயல் தின்பதை நிறுத்தியதும் கொழுப்பு கல்லீரலில் சேர்ந்து வருவது அது. இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. கால்சியத்தோடு, உடல் கொழுப்பு கரையும்போது உண்டாகும் கீட்டோனும் பாருங்கள்.

ரோமம் மங்கி உதிர்கிறது. செம்பு, துத்தநாகம் பார்க்கவா?

முதலில் உண்ணி, பூஞ்சை, பருவகால ரோம உதிர்வு, கூடு கட்டத் தாய் பிடுங்குவது இவற்றைத் தள்ளுங்கள். இந்தப் புழுக்கத்தில் பூஞ்சை சாதாரணம்.

அதன் பிறகு தாதுக்கள். செம்பு குறைந்தால் கறுப்பு ரோமம் நரைத்ததுபோல் வெளுக்கும், சோகையும் வரும். துத்தநாகம் குறைந்தால் ரோமம் உதிர்ந்து தோல் வெடிக்கும். மெக்னீசியம் குறைந்தால் ரோமத்தின் மினுமினுப்பு போகும், காது வெளிறும், முயல் தன் ரோமத்தையும் கூண்டுத் தோழனுடையதையும் மென்று தின்னும். நார்ச்சத்து போதாத முயலும் இப்படித்தான் மெல்லும். ஆகவே வைக்கோலைக் கூட்டிப் பத்து நாள் பார்த்துவிட்டுப் பரிசோதனைக்குப் போனால் பணம் மிச்சம்.

இரத்தத்தில் இருப்பது கையிருப்பு இல்லை என்பதை இங்கேதான் நினைவில் வைக்க வேண்டும். செம்பின் கிடங்கு கல்லீரல். அது ஏறக்குறைய காலியாகும்வரை இரத்தத்தில் அளவு குறையாது. அதோடு எங்கேயாவது சீழோ அழற்சியோ இருந்தால் துத்தநாகமும் இரும்பும் தானாக இறங்கும், செம்பு ஏறும். பாதத்தில் புண் உள்ள முயலுக்குத் துத்தநாகம் குறைவு என்று வந்தால் அது புண்ணின் வேலை. துத்தநாகப் பொடி வாங்கிக் கொடுப்பதில் பலன் இல்லை. பண்ணையில் ஒரு முயல் இறந்தால் கல்லீரல் துண்டை அனுப்பிச் செம்பு பார்ப்பது பத்து இரத்தக் குழாய்களைவிட அதிகம் சொல்லும்.

நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. சாலையோரத்தில் முளைத்துக் கிடக்கும் பெத்தாய் பெலாலாங், தமிழ்நாட்டில் சூபாபுல் என்பார்கள், அந்தத் தழையை இலவசமாகக் கிடைக்கிறது என்று அறுத்துப் போடுவார்கள். புரதம் அதிகம்தான். ஆனால் அதிலுள்ள மிமோசின் என்ற நச்சு ரோமத்தைக் கொட்ட வைக்கும், இரும்பு முதலான உலோகங்களையும் பற்றிக்கொள்ளும். தழையை நிறுத்தினால் ரோமம் திரும்ப முளைக்கும். தீவனம் என்ன என்று கேட்காமல் தாதுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பவரிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

கூண்டுக் கம்பியைக் கடிக்கிறது. அதனால் ஏதும் வருமா?

துத்தநாகப் பூச்சுக் கம்பியை ஓயாமல் நக்கிக் கடித்தால் துத்தநாகம் ஏறலாம். அதைவிடக் கவலை ஈயம்: பழைய கடைவீட்டுச் சுவர், கதவின் பழைய பெயின்ட்டைச் சுரண்டும் முயல்கள். தின்னாமை, சோர்வு, சோகை என்று பிடிகொடுக்காத அறிகுறிகள். ஈயம் சிவப்பணுக்களில் ஒட்டியிருப்பதால் பிளாஸ்மாவில் தேடிப் பயனில்லை. முழு இரத்தம் வேண்டும், இதற்கு மட்டும் ஊதாக் குழாயே சரி. டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டினால் சந்தேகம் உறுதியாகும்.

சிஞ்சில்லாவுக்கும் இதே எண்களா?

இல்லை. முயலின் உயர்ந்த கால்சியம் அளவைச் சிஞ்சில்லாவுக்கு வைத்துப் பார்த்தால், உண்மையில் ஏறியிருப்பதைச் சாதாரணம் என்று நினைத்துவிடுவீர்கள். ரோமத்தைக் கொத்தாகப் பிடித்தால் அப்படியே கையோடு வந்துவிடும், அது அதன் தற்காப்பு. வாலின் அடியையும் உடலையும் தாங்கிப் பிடிக்க வேண்டும். இரத்தம் கழுத்துச் சிரையிலோ பின்கால் சிரையிலோ, பெரும்பாலும் மயக்கத்தில். குளிரூட்டி இல்லாத அறையில் காத்திருக்க வைக்காதீர்கள், நம் பகல் வெப்பமே அதைச் சாய்த்துவிடும்.

மிங்க் பண்ணைகளில் என்ன தாதுப் பிரச்சினைகள் வருகின்றன?

கால்நடை மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் கேட்பது. மிங்க் குளிர்நாட்டுப் பண்ணை விலங்கு, இறைச்சியும் மீனும் தின்பது. அதன் கால்சியம் முயலைப்போல் தீவனத்தைத் தொடர்வதில்லை. இரண்டு நோய்கள் முக்கியம். ஒன்று, பாலூட்டும் கடைசிக் கட்டத்தில் தாய் வற்றி மெலிந்து விழுவது. இரத்தத்தில் சோடியமும் குளோரைடும் குறைந்திருக்கும். தீவனத்தில் உப்பைக் கூட்டித் தடுப்பார்கள். இன்னொன்று பஞ்சு ரோமம். ஹேக், வைட்டிங் போன்ற மீன்களைப் பச்சையாகப் போட்டால் அவற்றிலுள்ள பொருள்கள் இரும்பைக் குடலில் ஏறவிடாமல் தடுக்கும். சோகை வரும், அடிரோமம் வெளுத்துப் பஞ்சாகும், தோலுக்கு விலை போகாது. மீனை வேகவைத்தால் பிரச்சினை தீரும்.

பண்ணையில் 60 முயல்கள். எல்லாவற்றுக்கும் பரிசோதனை வேண்டுமா?

வேண்டாம். பாலூட்டும் தாய்களில் 6 முதல் 8, வளரும் குட்டிகளில் 6 முதல் 8 என்று ஒரே நிலையில் உள்ளவற்றை எடுங்கள். நோயாளிகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் பண்ணையின் நிலை தெரியாது. அன்று போட்ட தீவனத்திலிருந்தும் அரைக் கிலோவை எடுத்து, உறையில் தேதி எழுதி வையுங்கள். எண் விசித்திரமாக வந்தால் முதலில் சோதிக்க வேண்டியது அதுதான். ஆலையில் வைட்டமின் டி கலவை தவறினால் பல முயல்களுக்கு ஒரே நேரத்தில் கால்சியம் ஏறி, பெருந்தமனியிலும் சிறுநீரகத்திலும் சுண்ணாம்பு படியும். தீவனத்தை மாற்றிய பிறகு 3, 4 வாரம் விட்டு, அதே முயல்களில், அதே வகைக் குழாயில், அதே ஆய்வகத்தில் மறுபடி பாருங்கள்.